எண்ணிக்கையில் முந்தியது எது, நம்மூரில் ஓடுவது எது?

வீடியோ கேம் கருவிகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கெல்லாம் சேர்த்து இந்த இதழில் பதில் சொல்கிறோம். எது அதிகம் விற்றது என்று கேட்டவர்களும் உண்டு, வாங்கிய பெட்டி ஏன் இப்படி உறுமுகிறது என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. உலகம் முழுக்க எத்தனை விற்றது என்பது ஒரு கணக்கு. உங்கள் ஊரில் சிடி மாற்றிக்கொள்ள ஆள் இருக்கிறதா, தேய்ந்த ரிமோட்டுக்கு உதிரி கிடைக்குமா என்பது வேறு கணக்கு. காசு போடும்போது கைகொடுப்பது இந்த இரண்டாவது கணக்குத்தான்.

கேள்வி: பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேனுங்க. பங்காளி, மாமன் மச்சான் பையன்களெல்லாம் கூடிவிட்டால் இதே பேச்சுத்தான். உலகத்திலேயே அதிகம் விற்றது பிளேஸ்டேஷன் 2 என்கிறான் ஒருத்தன், நிண்டெண்டோ டிஎஸ் என்கிறான் இன்னொருத்தன், ஸ்விட்ச் என்கிறான் மூன்றாமவன். எது சரி?
— வாசகர், அவிநாசி

பதில்: பிளேஸ்டேஷன் 2 என்று சொன்னவர் பக்கம்தான் நியாயம். சோனி தரும் கணக்கு 16 கோடி. அடுத்த இடத்துக்குத்தான் கடும் போட்டி. டிஎஸ்ஸின் இறுதிக் கணக்கு 15.402 கோடி. 2025 செப்டம்பர் முடிவில் ஸ்விட்ச் 15.401 கோடியில் நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு லட்சம் பெட்டிகூட வித்தியாசம் கிடையாது. அதற்கடுத்த பண்டிகைக் காலாண்டில் ஸ்விட்ச் தாண்டிவிட்டது. ஆக இப்போதைய வரிசை பிஎஸ்2, ஸ்விட்ச், டிஎஸ்.

ஆனால் இந்த எண்கள் எதை எண்ணியவை என்று கேட்காமல் விட்டால் வாக்குவாதம் முடியாது. நிண்டெண்டோ சொல்வது கடைகளுக்கு அனுப்பிய சரக்கின் எண்ணிக்கை. சோனி 2007-க்கு முன்பு தொழிற்சாலையிலிருந்து வெளியேறியதையே கணக்கில் எடுத்தது. கன்டெய்னரில் ஏறிய பீஸ் எல்லாம் அங்கே கடையில் விற்ற பீஸ் ஆகிவிடாது என்பதைத் திருப்பூர்க்காரரான உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. விற்பனை நின்று பல ஆண்டுகள் ஆன கருவியில் இந்த வித்தியாசம் கரைந்துவிடும், ஏனென்றால் கடையில் தேங்கியதும் ஒருநாள் விற்றுத் தீர்ந்திருக்கும். புதிதாக வந்த கருவிக்குத்தான் அனுப்பியதும் விற்றதும் தனித்தனி எண்கள். வெளியான முதல் வருடத்தில் யாராவது எண் சொன்னால், எது என்று கேளுங்கள்.

இன்னொன்று. டிவியில் மாட்டும் பெட்டி வீட்டுக்கு ஒன்று, கையில் வைத்து ஆடுவது ஆளுக்கு ஒன்று. டிஎஸ் வாங்கிய அதே வீட்டில், பின்னர் வந்த டிஎஸ் லைட், டிஎஸ்-ஐ மாடல்களையும் வாங்கியிருப்பார்கள். அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. அதனால் 15 கோடி டிஎஸ் என்றால் 15 கோடி வீடு என்று அர்த்தமில்லை. இதைச் சரிபார்க்க ஒரு வழி, ஒரு கருவிக்கு எத்தனை கேம் விற்றது என்று வகுத்துப் பார்ப்பது. டிஎஸ்ஸுக்கு விற்ற கேம்கள் சுமார் 94.9 கோடி, அதாவது கருவிக்கு 6 சொச்சம். அதே நிண்டெண்டோவின் வீ (Wii) என்ற டிவி கருவியோ 10.16 கோடிதான் விற்றது, கேம்கள் 92.2 கோடி, கருவிக்கு 9. டிஎஸ்ஸைவிட 5 கோடி குறைவாக விற்ற வீ, ஒவ்வொரு வீட்டிலும் அதிகம் ஓடியிருக்கிறது. ஸ்விட்சும் 9 சொச்சத்தில் இருக்கிறது. எது பிரபலம் என்று ஒரே எண் கேட்டால், எங்கள் கை இந்த வகுத்த எண்ணைத்தான் காட்டும்.

கேள்வி: உலகத்தில் 15 கோடி விற்ற டிஎஸ்ஸை கோபிச்செட்டிபாளையத்தில் ஒருத்தர் கையிலும் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கேசட் போடும் டிவி கேம்தான், அப்புறம் பிஎஸ்2. ஏன் இப்படி?
— வாசகர், கோபி

பதில்: நீங்கள் பார்த்த கேசட் கேம் எந்தக் கம்பெனிக் கணக்கிலும் இல்லை. அதுதான் விஷயம்.

1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல்கள் அவை. அசல், உலகம் முழுக்க வேறு பெயரில் விற்றதையும் சேர்த்து, 6.19 கோடி. நகல்களை எண்ணியவர் எவரும் இல்லை. மீடியா, லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று பல பெயர்களில் நம்மூருக்கு வந்தன. வீட்டில் பழையது கிடந்தால் திறந்து பாருங்கள். பெரிய பலகையில் பெரும்பாலும் வெற்றிடம்தான் இருக்கும், நடுவில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று. அசல் கருவியில் தனித்தனி சில்லுகளாக இருந்த மூளை அத்தனையும் அந்தப் பொட்டுக்குள் ஒடுங்கியிருக்கிறது. விலை குறைந்தது அப்படித்தான். 60 பின் கேசட் என்பதால் ஒரு வீட்டுக் கேசட் அடுத்த வீட்டுப் பெட்டியிலும் ஓடியது. தெருவே ஒரே கருவி வைத்திருந்த மாதிரி. பிரபலம் பரவியதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

டிஎஸ் பரவாததற்கும் இதே காரணத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். நிண்டெண்டோவுக்கு இங்கே முறையான கடை வரிசையும் சர்வீசும் இல்லை. கேம் ஒவ்வொன்றும் வெளிநாட்டு விலை. பக்கத்து வீட்டில் இல்லாததால் மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. பிஎஸ்2 அப்படியில்லை. டிவிடி படம் பார்க்கும் பெட்டியாகவும் ஓடியது. வெளிநாட்டில் 299 டாலருக்கு வந்த கருவி 2009-ல் 99 டாலருக்கு இறங்கியது. கிட்டத்தட்ட 13 வருடம் தயாரிப்பில் இருந்ததால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. நகல் சிடியை ஓட்டுவதற்காக உள்ளே சிப் வைத்து விற்கப்பட்ட பெட்டிகள் ஏராளம் என்பதையும் மறைக்க முடியாது. அந்த நகல்கள் கேம் விற்பனைக் கணக்கில் ஏறவில்லை, கேம் செய்தவருக்கு ஒரு பைசாவும் போகவில்லை. நம்மூர்ப் பிரபலத்துக்கு அது ஒரு காரணம், பெருமைப்பட முடியாத காரணம்.

கேள்வி: எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், சீரிஸ் எக்ஸ் எத்தனை விற்றன என்று அதிகாரப்பூர்வ எண் வேண்டும்.
— கல்லூரி மாணவி, பீளமேடு

பதில்: அப்படி ஒன்று இல்லை. மைக்ரோசாஃப்ட் 2015-ன் பிற்பகுதியிலிருந்து கருவி விற்பனை எண்ணிக்கையை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. எத்தனை பேர் மாதந்தோறும் உள்நுழைகிறார்கள் என்ற எண்ணைச் சொல்லும் முறைக்கு மாறியது. அதில் கணினியில் ஆடுபவர்களும் அடக்கம். உங்கள் கட்டுரையில் எக்ஸ்பாக்ஸுக்கு எண் போடுவதானால் அது மதிப்பீடு என்று எழுதிப் போடுங்கள். பிஎஸ்5-க்கு எண் உண்டு: 2025 செப்டம்பர் முடிவில் 8.42 கோடி.

கேள்வி: எக்ஸ்பாக்ஸ் 360, பிஎஸ்3 இரண்டில் ஜெயித்தது எது? அந்தச் சிவப்பு வளையம் என்ன கோளாறு?
— வாசகர், சேலம் அம்மாபேட்டை

பதில்: பிஎஸ்3 சுமார் 8.74 கோடி. 360-க்கு மைக்ரோசாஃப்ட் கடைசியாகச் சொன்னது 2014-ல், 8.4 கோடி. ஆனால் அதன் தயாரிப்பு 2016 வரை நடந்தது. அந்த இரண்டு வருடத்துக்கு எண் இல்லாததால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று அறுதியிட முடியாது. இருவரையும் தள்ளிவிட்டு முன்னே போனது வீ என்பது மட்டும் உறுதி.

எக்ஸ்பாக்ஸ் 360 கருவி 2005 நவம்பரில் வந்தது. பிஎஸ்3 ஒரு வருடம் பிந்தி, அமெரிக்காவில் 499, 599 டாலர் விலைகளில் வந்தது. அந்த ஒரு வருட முன்னிலைதான் 360-க்குக் கிடைத்த பெரிய லாபம். சிவப்பு வளையம் அதைத் தின்றது. பவர் பட்டனைச் சுற்றியுள்ள நான்கு கால்வட்டத்தில் மூன்று சிவப்பாக மினுக்கினால் பெட்டி போய்விட்டது என்று அர்த்தம். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, கிராஃபிக்ஸ் சிப்பின் ஈய இணைப்புகள் விரிசல் விட்டதுதான் மூல காரணம். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை 3 வருடமாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பழைய 360 வாங்க நினைத்தால் 2010-க்குப் பின் வந்த ஒல்லி மாடலைப் பாருங்கள். துண்டு போர்த்திச் சூடேற்றினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். சில நாள் ஓடி மறுபடி நிற்கும், தீப்பிடிக்கவும் கூடும்.

கேள்வி: வீட்டை ஒட்டியே தறிக் குடோன். பிஎஸ்5 வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது, அதற்குள் ஃபேன் சத்தம் டிவி சத்தத்தை மீறுகிறது. ஆடிக்கொண்டிருக்கும்போதே சூடு அதிகம் என்று காட்டி அணைந்துவிடுகிறது. பெட்டியே மோசமா?
— வாசகர், பல்லடம்

பதில்: பெட்டி மோசமில்லை, பஞ்சு. சாதாரண வீட்டுத் தூசி பொடியாக விழும். தறிப் பஞ்சு இழையாக இருப்பதால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஃபேனுக்குப் பின்னால் உள்ள உலோகத் தகடுகளின் வாயில் சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி படிந்துவிடும். காற்று உள்ளே போக வழியில்லாததால்தான் ஃபேன் வேகமெடுத்துக் கத்துகிறது. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தே ஆக வேண்டும். மற்ற ஊர்களுக்கு வருடம் இருமுறை போதும்.

செய்முறை இது. ரெஸ்ட் மோடில் விடாமல் முழுக்க அணையுங்கள். பிளக்கைப் பிடுங்கி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். எல்லா ஒயரையும் கழற்றி, ஸ்டாண்டையும் எடுத்துவிட்டு, மெத்தென்ற துணி மேல் படுக்க வையுங்கள். பக்கத் தகட்டுக்கு ஸ்க்ரூ கிடையாது. 2020 மாடலில் ஒரு மூலையை மெல்லத் தூக்கி, நீளவாக்கில் தள்ளினால் கழன்று வரும். ‘டக்’ என்று சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். ஒல்லி மாடலில் தகடு நான்கு துண்டு, ஒவ்வொன்றாக வரும். இப்போது ஃபேன் தெரியும். தூசி சேரட்டும் என்றே சோனி வைத்த இரண்டு துளைகளும் தெரியும். வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து அந்தத் துளைகளில் இழுங்கள். ஃபேன் இறக்கைகளைக் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். அப்படிச் செய்யும்போது ஒரு விரலால் ஃபேனை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் சுழலவிட்டால் ஃபேன் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கித் திருப்பி அனுப்பும், பேரிங்கும் கெடும்.

தறிக் குடோனில் இருக்கும் கம்ப்ரசரை மட்டும் கொண்டுவராதீர்கள். அதில் ஈரமும் எண்ணெயும் கலந்து வரும், அழுத்தமும் அதிகம். இறக்கை ஒடிந்துபோகும், பஞ்சும் வெளியே வராமல் இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் சூடு காட்டினால் உள்ளே திறக்க வேண்டியிருக்கும். அதை நீங்களே செய்யாதீர்கள். பிஎஸ்4-ல் சிப்புக்கு மேல் இருப்பது காய்ந்தால் மாற்றக்கூடிய சாதாரண பேஸ்ட். பிஎஸ்5-ல் இருப்பது திரவ உலோகம், அது மின்சாரம் கடத்தும். ஒரு துளி பலகையில் சிந்தினால் பெட்டி காலி. கடையில் கொடுத்தாலும் முன்பு திரவ உலோகத்தில் வேலை செய்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். திரும்பி வந்ததும் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி, தறிப் பக்கம் இல்லாத சுவரோரம் வையுங்கள். அணைத்திருக்கும்போது துணி போட்டு மூடலாம், ஓடும்போது கூடாது.

கேள்வி: பேரனுக்கு அந்தியூர் குருநாதசாமி பண்டிகைக் கடையில் கையில் வைத்து ஆடும் 400 கேம் பொட்டி வாங்கிக் கொடுத்தேனுங்க. இப்போ பின்பக்க மூடி தானாகத் திறந்துக்குது. சார்ஜும் நிக்கறதில்லை. தூக்கிப் போட்டுடலாமுங்களா?
— ஒரு அமுச்சி, பவானி

பதில்: வேண்டாங்க அம்மா, பொட்டி நன்றாகத்தான் இருக்கும். பேட்டரி உப்பியிருக்கிறது, அதுதான் மூடியைத் தள்ளுகிறது. முதல் வேலையாகச் சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ வேண்டாம், குழந்தை கையில் படாமல் எடுத்துவிடுங்கள். குப்பையில் போடாமல் செல்போன் கடையில் கொடுத்துவிடுங்கள்.

அந்தப் பேட்டரி வேறெதுவுமில்லை, பழைய நோக்கியா பட்டன் போனில் இருந்த பிஎல்-5சி தான். எந்த செல்போன் கடையிலும் கிடைக்கும். பண்டிகைக் கடைப் பொட்டியோடு வருவது பெரும்பாலும் மட்டமான பேட்டரி. மேலே 1020 என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே அவ்வளவு இருக்காது. எடை குறைவாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். போடும்போது மூன்று பித்தளைப் பற்களும் பேட்டரியின் தங்க நிறப் புள்ளிகளில் படுகிறதா என்று பாருங்கள். வேகச் சார்ஜரில் போடாமல் சாதாரண 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜரில் போடுங்கள். இரவு முழுக்க விடாமல், இரண்டு மணி நேரத்தில் கழற்றிவிடுங்கள். உப்புவதற்குக் காரணமே பேட்டரி நிறைந்த பிறகும் சரியாகச் சார்ஜை நிறுத்தாத மலிவான சுற்றுத்தான்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: கோபி வாசகருக்குச் சொன்ன அதே ஃபேமிகாம் நகல்தான் இந்தப் பொட்டிக்குள்ளும் இருக்கிறது. கேசட் போய், கேம்கள் உள்ளேயே வந்துவிட்டன, அவ்வளவுதான். 40 வருடம் தாண்டியும் தேர்க்கடையில் விற்கும் கேம் கருவி இது. விற்பனைப் பட்டியலில் மட்டும் இதற்கு இடமில்லை.

கேள்வி: காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறோம். கரண்ட் அடிக்கடி போகும். 150 ஏஎச் பேட்டரியோடு இன்வெர்ட்டர் உண்டு. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், ஸ்விட்ச் மூன்றில் எது எங்களுக்குத் தோது?
— வாசகர், ஊதியூர்

பதில்: கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். 12 வோல்ட், 150 ஏஎச் என்றால் ஏட்டில் 1800 வாட்-மணி. ஆனால் பாதிக்கு மேல் வடித்தால் பேட்டரி ஆயுள் குறையும், இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். கையில் நிற்பது 750 வாட்-மணி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கேம் ஓடும்போது பிஎஸ்5 சுமார் 200 வாட் இழுக்கும், 43 அங்குல டிவி 80 முதல் 100. ஆக 300. இரண்டரை மணி நேரம் வரும், ஃபேனும் லைட்டும் போட்டால் இன்னும் குறையும். சீரிஸ் எஸ் 80 வாட்டுக்குள் நிற்கும், டிவியோடு சேர்த்து நாலு மணி நேரம் எதிர்பார்க்கலாம். ஸ்விட்சை டிவியில் மாட்டினாலும் 20 வாட்டைத் தாண்டாது. கையில் எடுத்துவிட்டால் டிவியே தேவையில்லை. அதன் பேட்டரி 16 வாட்-மணி, 2019-க்குப் பின் வந்த மாடல் கேமைப் பொறுத்து நாலரை முதல் 9 மணி நேரம் தாங்கும். கரண்டை மட்டும் பார்த்தால் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் எதுவும் வராது.

பிஎஸ்5 தான் வேண்டும் என்றால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இன்வெர்ட்டர் சைன் வேவ் ஆக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் சில பவர் சப்ளைகள் கிர்ரென்று இரையும், சிலது அணைந்தே போகும். இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ் மோடு என்றொரு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். மற்ற மோடில் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளியில் பெட்டி அணைந்து எரியும். அப்படித் திடீரென்று அணைந்த பிறகு கேம்கள் காணாமல் போனமாதிரி தெரிந்தால் பதற வேண்டாம். பெட்டி அணைந்திருக்கும்போது பவர் பட்டனை விடாமல் அழுத்துங்கள், ஏழு விநாடி வாக்கில் இரண்டாவது ‘பீப்’ கேட்டதும் விடுங்கள். ரிமோட்டை யூஎஸ்பி ஒயரில் மாட்டி, வரும் பட்டியலில் டேட்டாபேஸை மறுபடி கட்டும் தேர்வை அழுத்துங்கள். சேமித்தது அழியாது. ஆனால் அதே பட்டியலில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் தேர்வும் இருக்கிறது, வரியை நிதானமாகப் படித்து அழுத்துங்கள்.

கேள்வி: வினாடி வினாவில் கேட்டார்கள், விடை புரியவில்லை. கலர் திரை வைத்த செகா கேம் கியர், கறுப்பு-வெள்ளை கேம் பாயிடம் தோற்றது ஏன்?
— பள்ளி மாணவர், நாமக்கல்

பதில்: செல். கேம் கியருக்கு ஆறு செல் போட்டால் 3 முதல் 5 மணி நேரம். கேம் பாய்க்கு நாலு செல், 10 மணி நேரத்துக்கு மேல் ஓடும். திரைக்குப் பின்னால் விளக்கு இருந்ததுதான் கேம் கியர் செல்லைக் குடித்ததற்குக் காரணம். கேம் பாயில் விளக்கே இல்லை, வெளிச்சத்தில் பிடித்து ஆட வேண்டும். 1989-ல் வந்த கேம் பாய், பின்னர் வந்த கலர் மாடலோடு சேர்த்து 11.87 கோடி. கேம் கியர் ஒரு கோடியைச் சற்றே தாண்டியது. டெட்ரிஸைக் கேம் பாயோடு சேர்த்துக் கொடுத்ததும் ஒரு காரணம், தம்பி. அதை ஆட வயசு வித்தியாசம் தேவைப்படவில்லை.

கேள்வி: மகளின் ஸ்விட்ச்சில் இடது ரிமோட்டைத் தொடாமலே பொம்மை நடக்கிறது. நாங்களே சரிசெய்ய முடியுமா?
— வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: முடியும். குச்சியின் அடியில் கரிப்பூச்சுத் தடம் ஒன்று இருக்கிறது, அதன் மேல் சின்ன உலோக விரல் உரசி நகர்கிறது. உரசி உரசிப் பூச்சு தேயும், தேய்ந்த தூளும் அங்கேயே தங்கும். குச்சி நடுவில் நின்றாலும் கருவிக்கு அது நகர்ந்த மாதிரி தெரிகிறது. நிண்டெண்டோ தலைவரே 2020-ல் இதற்காக வருத்தம் தெரிவித்தார்.

முதலில் அமைப்புகளில், ரிமோட் பகுதியில், குச்சியை அளவு திருத்தும் தேர்வைச் செய்து பாருங்கள். சரியாகாவிட்டால் குச்சியை ஒரு பக்கம் சாய்த்து, அடியில் உள்ள ரப்பர் பாவாடையைத் தூக்கி 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, முப்பது சுற்றுச் சுற்றுங்கள். கால்மணி நேரம் காயட்டும். சானிடைசரை விடாதீர்கள், அதில் தண்ணீரும் பசையும் உண்டு. இது சில வாரம் தாங்கும்.

நிரந்தரத் தீர்வு குச்சியை மாற்றுவது. காந்தத்தில் இயங்கும் ஹால் எஃபெக்ட் குச்சியாக வாங்குங்கள், அதில் உரசல் கிடையாது. பின்பக்கம் மூன்று கால் தலை வைத்த ஸ்க்ரூ நான்கு, அதற்கு 1.5 மி.மீ. ஒய் வகை ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சாதாரண ஸ்டாரைப் போட்டு அழுத்தினால் தலை மழுங்கிவிடும், அப்புறம் எடுக்கவே முடியாது. மூடியைப் புத்தகம் திறப்பதுபோல் மெல்லத் திறக்க வேண்டும். இழுத்தால் இரண்டு பாதியையும் இணைக்கும் பட்டை ஒயர் கிழியும், இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். அதைத் தாங்கும் நடுச்சட்டத்தை எடுத்தால் குச்சி தெரியும். அதன் பட்டை ஒயர் ஒரு தாழ்ப்பாளில் நிற்கிறது, நகத்தால் தாழ்ப்பாளைத் தூக்கிய பிறகுதான் ஒயரை இழுக்க வேண்டும். குச்சிக்கு இரண்டு ஸ்க்ரூ, அவ்வளவுதான். சால்டரிங் தேவையில்லை. பிஎஸ்5 ரிமோட்டில் இதே வேலைக்கு 14 இடத்தில் ஈயம் எடுக்க வேண்டும், அதைக் கடையில் கொடுங்கள்.

15 கோடி விற்ற கருவி என்பதன் பலன் இந்த இடத்தில்தான் உங்களுக்குக் கிடைக்கிறது. குச்சி, ஸ்க்ரூ, தாழ்ப்பாள் எல்லாம் தனித்தனியாக விற்கிறது. குறைவாக விற்ற கருவியாக இருந்தால், இன்னொரு பழுதான பெட்டியை வாங்கித்தான் பாகம் எடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: அப்பாவின் பிஎஸ்2-வைப் புது எல்இடி டிவியில் மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது.
— வாசகர், ராசிபுரம்

பதில்: பல டிவிகளில் மஞ்சள் ஒயருக்குத் தனி ஓட்டை கிடையாது, பச்சை ஓட்டையே இரண்டுக்கும் பொது. மஞ்சளைப் பச்சையில் மாட்டி, டிவியின் உள்ளீட்டுத் தேர்வில் ஏவி என்பதை எடுங்கள். காம்போனென்ட் என்று இருந்தால்தான் நிறம் போகும். மூன்று ஓட்டையும் இல்லாத டிவியில் ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்றில் ஏவி என்று எழுதியிருக்கும். அதற்கான இணைப்பு ஒயர் டிவி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டிவியோடு வந்ததைத் தேடி எடுங்கள். நேரமும் தேதியும் ஒவ்வொரு முறையும் கேட்டால் உள்ளே உள்ள சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கிறது.

கேள்வி: காந்திபுரத்தில் செகண்ட் ஹேண்ட் ஸ்விட்ச் ஒன்றும் பிஎஸ்5 ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். பணம் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?
— வாசகர், கோவை கணபதி

பதில்: ஸ்விட்சில் முதல் சோதனை இணையம். உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து நிண்டெண்டோ கடைக்குள் போகச் சொல்லுங்கள். 2124-4007 என்று பிழை எண் வந்தால் அந்தப் பெட்டி தடை செய்யப்பட்டது. அதை நீக்க வழியில்லை, எத்தனை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். கடை திறந்தால் இரண்டு ரிமோட்டையும் கழற்றி மாட்டி, மாட்டியிருக்கும்போது ஒவ்வொன்றும் சார்ஜ் ஆகிறதா என்று பாருங்கள். கேசட் ஒன்றைப் போட்டு எடுத்துப் போடுங்கள். கேசட்டுக்கு நாட்டுத் தடை கிடையாது, எங்கே வாங்கியதும் ஓடும். ஆனால் இணையக் கடையில் இந்தியா பட்டியலில் இல்லை, கணக்கை வேறு நாட்டில் திறக்க வேண்டியிருக்கும். அதனால் கேசட்டோடு சேர்த்து விற்பவரிடம் வாங்குவது லாபம்.

பிஎஸ்5-ல் எச்டிஎம்ஐ ஓட்டைக்குள் போன் டார்ச் அடித்துப் பாருங்கள். பின்கள் வரிசையாக நிற்க வேண்டும், ஒன்று வளைந்திருந்தாலும் அந்த ஓட்டையையே மாற்ற வேண்டிவரும். டிஸ்க் மாடல் என்றால் சிடி ஒன்றைக் கையோடு கொண்டுபோய் இரண்டு முறை போட்டு எடுங்கள். டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல் விலை குறைவாகத் தெரியும், ஆனால் அதில் வாங்கிய கேமை யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. கோவையில் சிடி கைமாற ஆள் இருக்கும்போது அந்த மிச்சம் இரண்டு மூன்று கேமிலேயே போய்விடும். அரைமணி நேரம் பெரிய கேம் ஒன்றை ஓடவிட்டு, கையைப் பின்பக்கக் காற்றில் வையுங்கள். சூடான காற்று பலமாக வந்தால் நல்லது. சத்தம் மட்டும் வந்து காற்று லேசாக இருந்தால், பல்லடம் வாசகருக்குச் சொன்ன பஞ்சு இதிலும் இருக்கிறது. கடைசியாக, விற்பவர் தன் கணக்கிலிருந்து பெட்டியை விடுவித்து, முழுக்க அழித்து, உங்கள் கணக்கில் உள்ளே நுழைந்த பிறகு பணத்தைக் கொடுங்கள். பில்லில் பெட்டியின் பின்னால் உள்ள சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள்.